பள்ளிச் சிறுவரின் கட்டுச்சோறு



வன்னிப் பெருநிலத்திலே யான் அதிபராய்ப் பணியாற்றிய பாடசாலையொன்றில் நிகழ்ந்த சிறு சம்பவத்தோடு இப்பேச்சைத் தொடங்குகின்றேன். நான்காந் தரத்து மாணவன் ஒருவன், இடைவேளை மணி அடித்ததும் கிணற்றடிக்குச் சென்று, தன் சோற்றை நாய்க்குக் கொட்டிவிட்டு வருவதை ஆசிரியை ஒருவர் கண்டார். காரணம் வினவியபோது, "சோறு மணக்குது ரீச்சர், அம்மாட்டச் சொல்லாதேங்கோ" என்றான். தாயின் மனம் நோகுமென்று அவன் நாள்தோறும் பசியை மறைத்திருந்தான்.

தாயாரை அழைத்துப் பேசினோம். ஆடைத் தொழிற்சாலைக்கு விடியுமுன் புறப்பட வேண்டியவராதலின், அவர் நான்கு மணிக்கே எழுந்து சமைத்து, ஆவி பறக்கும் சோற்றின்மேல் தேங்காய்ச் சம்பலை வைத்துப் பெட்டியை மூடிவிட்டுச் செல்வார். "நான் என்ன குறை விட்டனான் சேர்?" என்று கண்கலங்கினார். அன்பில் அவர் யாதொரு குறையும் வைத்தாரல்லர். குறை உணவைக் கட்டிய முறையிலே இருந்தது.

உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்திலே விரைந்து பெருகுகின்றன. ஆதலின், சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணித்தியாலத்துக்கு மேல் வைத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. நாலரை மணிக்கு ஆக்கிய சோற்றைப் பத்தரை மணிக்கு உண்ணும் பிள்ளைக்கோ 6 மணித்தியாலம் கழிந்துவிடுகின்றது. மூடிய பெட்டியினுள் ஆவி நீராகிச் சோற்றில் வழிய, ஈரமும் இளஞ்சூடும் நுண்ணுயிருக்கு நாற்றுமேடை ஆகின்றன. அரிசியோடு வரும் ஒருவகை நுண்ணுயிரின் வித்திகள் கொதிநீரிலும் மடிவதில்லை. அவற்றின் நஞ்சு மீளச் சூடாக்கினாலும் அழியாதிருக்கலாம். பச்சைத் தேங்காய்ப்பூவும் தேங்காய்ப்பாலும் இன்னும் விரைவிற் கெடும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? காய்கறிகளை முதல்நாள் இரவே ஆயத்தஞ் செய்துகொண்டு, சமையலை இயன்றவரை பிந்திச் செய்தல் வேண்டும். சூடு காக்கும் பாத்திரம் உள்ளவர்கள் அதனைக் கொதிநீரால் சூடாக்கிய பின், கொதிக்கும் உணவையே இடலாம். சாதாரணப் பெட்டியாயின், சோற்றை அகன்ற தட்டிற் பரப்பி ஆவி போக்கி, உலர்ந்த கறியோடு கட்டுதல் நன்று. நெடுநேரம் காத்திருக்க வேண்டிய பிள்ளைக்குச் சோற்றினும் ஏற்றவை குரக்கன் ரொட்டி, வறுத்த கச்சான், எள்ளுருண்டை, உரிக்காத வாழைப்பழம் என்பன.

இவை விலையுயர்ந்த பண்டங்கள் அல்ல. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வெறுங்கையோடு வந்த பிள்ளைகளைக் கண்டவன் யான். ஆதலின் இல்லாததை வாங்குமாறு கூறேன். கச்சானும் பயறும் கௌபியும் நம் மண்ணில் விளைபவை. வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் அவற்றில் உண்டு. வேலியோரத்து முருங்கையிலையில் இரும்புச்சத்து உண்டு. கொய்யாவோ தேசிக்காய்ச் சாறோ உடன் சேரின் உடல் அதனை நன்கு ஏற்கும். உணவோடு தேநீர் அருந்தினால் அவ்விரும்பு உடலிற் சேர்வது குறையும்.

கட்டும் பொருளிலும் கவனம் வேண்டும். பொலித்தீன் லஞ்ச் சீற் 2017 செப்டெம்பரில் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. பத்திரிகைத் தாளின் மையோ உணவில் ஒட்டும். தணலில் வாட்டிய வாழையிலையும், கழுவி வெயிலில் உலர்த்திய எவர்சில்வர் பெட்டியும் நமக்குப் போதும். குளிர்பானத்துக்குப் பதிலாகக் கொதித்தாறிய நீரைக் கொடுத்துவிடுங்கள். கொதிக்கவைத்தல் கிருமியைக் கொல்லுமேயன்றி, நீரிற் கரைந்த கனியுப்புகளை நீக்காது. ஆதலின் கிணற்று நீரைப் பற்றி ஐயமுள்ளோர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாடுதல் வேண்டும். உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவும் பழக்கத்தைப் பாடசாலையும் வீடும் ஒருங்கே வளர்த்தல் கடன்.

அத்தாயார் மறுநாள் முதல் குரக்கன் ரொட்டியும் கச்சானும் வைத்தார். அன்றும் கிணற்றடியில் காத்துநின்ற நாய் வெறுமனே திரும்பிற்று. அன்னையரே, மாலையிற் பிள்ளை வீடு வந்ததும் பெட்டி வெறுமையாயிற்றா என்று மாத்திரம் பாராதீர்கள்; உணவு எப்படி இருந்தது என்று ஒருமுறை கேளுங்கள். அவன் உண்மையைச் சொன்னால் கடிந்துகொள்ளாதீர்கள்.