கடை வைக்கும் நிலம்

கடுகண்ணாவை ஏற்றத்துக்குக் கீழே, கொழும்பு–கண்டி வீதியோரத்தில், மலையை ஒட்டி நின்ற கடையொன்றின் மீது 2025 நவம்பர் 22ஆம் நாள் பாறையும் மண்ணும் சரிந்து விழுந்தன. ஆறு பேர் மாண்டனர். கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த அவ்விடம் வழிப்போக்கர் நின்று இளைப்பாற ஏற்றது. வியாபாரக் கண்ணுக்கு அதில் குறையேதும் தோன்றாது.

பெரிய நிறுவனங்களின் பெயரை உரிமையாகப் பெற்று உணவகம் நடத்தும் முறை இன்று நம் நாட்டிலும் உண்டு. நிறுவனம் பெயர்ப்பலகையையும் சமையல் முறையையும் தரும். இடத்தைப் பார்த்து ஒப்புதலும் அளிக்கும். ஆனால் அவ்வொப்புதல் வாடிக்கையாளர் வருவரா என்பதைப் பற்றியதேயன்றி, நிலத்துக்குக் கொடுக்கும் பிணையன்று. நிலத்தை ஆராயும் பொறுப்பு, பெரும்பாலும், உரிமை பெற்றவரையே சாரும்.

மலைச்சரிவில் கட்டுவோர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீட்டு அறிக்கையைப் பெறுதல் வேண்டும். இதனை வெறும் காகிதச் சடங்கென்று எண்ணுவோர் உளர், எண்ணுவது பேதைமை. சாய்ந்து நிற்கும் மரங்கள், நிலத்தில் கண்ட வெடிப்பு, புதிதாகக் கசியும் நீர் ஆகியவற்றை நேரிற் சென்று பார்ப்பதும் கடனாகும். வண்டி நிறுத்துவதற்காக மலையின் அடியை வெட்டினால், மேலுள்ள மண் தாங்குதலை இழக்கிறது. மழைநீர் உட்புகுந்ததும் அதன் பிடிப்பு தளர்கிறது. தோட்டப்புறத்தில் அம்மண்ணின் மேலேயோ கீழேயோ லயன்கள் இருக்கும். 2016 மே 17ஆம் நாள், அரநாயக்கவில் மலை சரிந்த அன்றே, புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் லயன் அறைகள் மண்ணுள் புதைந்தன. மலை அசையுமாயின் யார் வீட்டில் விழும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இரத்தினபுரியிற் கவலை வேறு. களு கங்கை 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் பெருக்கெடுத்தது. அவ்வெள்ளம் எதுவரை ஏறியது என்பதைக் கேட்டறியாமல் தாழ்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தல் ஆகாது. மாணிக்கம் கிடக்கும் சரளைப் படையை அங்கே 'இல்லம்' என்பர். அதைத் தேடிக் குழி தோண்டுவோர், அடியிற் பக்கவாட்டிலும் சுரங்கம் குடைவர். நன்கு மூடப்படாத குழியின் மேல் எழுப்பிய சுவர் காலப்போக்கில் அமிழும். இல்லத்தின் மேல் இல்லம் நில்லாது!

சமையற்கூடத்து எண்ணெய்க் கழிவை எங்கே விடுவது என்பதும் இடந்தேரும்போதே முடிவு செய்யவேண்டியது. ஓடையில் விட்டால், கீழேயுள்ள தோட்டத்தார் குடத்தில் அது வந்து சேரும். பழைய குழி எது, ஓடை எங்கே திரும்பியது என்பவை உறுதிப் பத்திரத்தில் இரா; அருகிலுள்ள லயத்து முதியவர்களைக் கேட்டால் சொல்வர்.