சிறுவர் பல்லும் விறைப்பூசியும்

பல்லுக்கு இடும் விறைப்பூசி எங்கும் ஒன்றே என்பது நம்மவருட் பலரின் எண்ணம். அஃது உண்மையன்று. மருந்துகள் பலவுள. அவற்றுள் எது பிள்ளைக்கு ஏற்றது என்பது பல் வைத்தியர்க்கே உரிய வினாவாயினும், பிள்ளைகளின் சூத்தைப்பல்லை நாடோறும் காணும் ஆசிரியராகிய நாமும் சிறிது அறிந்திருத்தல் நன்று. படுவான்கரைப் பிள்ளைகள் மண்முனைத் துறையை ஓடத்திற் கடந்த காலம், 2014இற் பாலம் திறக்கப்பட்டதோடு நீங்கிற்று. ஊசிக்கு அஞ்சும் அச்சமோ இக்கரையிலும் அக்கரையிலும் நீங்கவில்லை. அவ்வச்சத்தால் ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்லைப் பாற்பல் என்று வாளா விட்டு, நிலைத்த பல்லையே இழப்போர் பலர்.

1884இல் வியன்னா நகரத்துக் கார்ல் கொல்லர் கொக்கேயினைக் கொண்டு கண்ணை விறைக்கச் செய்தார். பல் வைத்தியத்திலும் அது புகுந்தது; ஆயின் நஞ்சும் அடிமைப்படுத்தும் இயல்பும் உடையது. பின்னர் யேர்மனியில் எழுந்த நொவோக்கேயின் நெடுங்காலம் ஆட்சி செய்தது. 1943இல் சுவீடன் நாட்டு நில்ஸ் லோஃப்கிரென் ஆக்கிய லிக்னோகேன் அதன் இடத்தைக் கைக்கொண்டது. இன்று அதனோடு போட்டியிடுவது, 1969இல் யேர்மனியில் ஆக்கப்பட்ட ஆர்ட்டிகேன்.

லிக்னோகேன் நூற்றுக்கு இரண்டு வீதக் கரைசல். ஆர்ட்டிகேன் நூற்றுக்கு நான்கு வீதம். நான்கு என்றதும் இருமடங்கு வலிமை என்று மகிழ்வாருளர். இங்கேதான் கணக்கு வேண்டும். 2.2 மில்லிலீற்றர் கொண்ட ஒரு குழலில் முன்னதில் 44 மில்லிகிராம் மருந்தும், பின்னதில் 88 மில்லிகிராமும் உண்டு. இருபது கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு, கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்னும் எல்லைப்படி லிக்னோகேன் இரண்டு குழல். கிலோவுக்கு 5 மில்லிகிராம் எனக் கொண்டால் ஆர்ட்டிகேன் ஒரு குழலுக்குச் சற்றே மேல். மெலிந்த பிள்ளைக்கு இன்னும் குறைவு. வயதை மட்டும் கேட்டு நிறையைக் கேளாது விடுதல் ஆகாது. நான்கு வயதுக்குட்பட்டோர்க்கு ஆர்ட்டிகேனைப் பரிந்துரைப்பதுமில்லை.

ஆர்ட்டிகேனுக்குச் சிறப்பு இல்லாமலில்லை. அது எலும்பினூடு நன்கு ஊடுருவும். ஆதலின் கீழ்த்தாடைப் பல்லுக்கு உள்ளே ஆழ்ந்து நரம்பைத் தேடாது, பல்லருகே ஈற்றிலேயே ஊசியிட்டு முடிக்க இயல்வதுண்டு. குருதியிலும் விரைந்து சிதைகின்றது. எனினும் பாற்பல்லை அடைக்கும் எளிய வேலையில் லிக்னோகேனே பெரும்பாலும் போதும் என்பதே நம் கருத்து. சிறு சூத்தைக்கோ ஊசியே வேண்டாதிருக்கலாம். காலந்தாழ்த்தாது சென்றவர்க்கே அந்நலம் வாய்க்கும்.

இரண்டிலும் சேரும் அதிரினலீன் குருதிக்குழாய்களைச் சுருக்கி மருந்தை அவ்விடத்தே நிறுத்துகின்றது. இதனாற் பல்லின் விறைப்பு ஒரு மணித்தியாலமளவிற் தெளிந்த பின்னும், உதடும் நாக்கும் மூன்று நான்கு மணித்தியாலம் மரத்திருக்கக் கூடும். மரத்த உதட்டை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டு மறுநாள் வீங்கிய வாயோடு வரும் பிள்ளையைக் கண்டு, ஊசி நஞ்சாயிற்று என்று வீட்டார் அலறுவர். ஊசியிட்டு வகுப்புக்குத் திரும்பும் பிள்ளையின் உணவுப் பொதியை, விறைப்புத் தெளியுமட்டும் ஆசிரியர் தம் மேசைமேல் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் குடிக்கத் தடையில்லை.