சிறுவடிவ வணிக மேசைக் கணினித் தலைமுறைகள்

சிறுவடிவ வணிக மேசைக் கணினி என்பது அலுவலகம், வங்கி, பள்ளி முதலிய இடங்களின் பயன்பாட்டிற்காக ஒரே அமைப்பில் பெருந்தொகையாகத் தயாரிக்கப்படும் சிறிய மேசைக் கணினி ஆகும். டெல் நிறுவனத்தின் ஆப்டிப்ளெக்ஸ், எச்.பி. நிறுவனத்தின் எலைட்டெஸ்க், லெனோவோ நிறுவனத்தின் திங்க்சென்டர் ஆகியன பரவலாக அறியப்பட்ட வரிசைகளாகும். டெல் நிறுவனம் 2007ஆம் ஆண்டு திருப்பெரும்புதூரில் தனது தொழிற்சாலையைத் தொடங்கியது.

இவற்றைப் புதிதாக வாங்குவோர் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களே. சில ஆண்டுகள் பயன்படுத்திய பின்னர் அவை கழித்துவிடும் கணினிகள், சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகள் வழியாகச் சிற்றூர்களை வந்தடைகின்றன. திண்டுக்கல் மாவட்டத்தின் ஆத்தூர், சின்னாளபட்டி போன்ற ஊர்களில் நகலகமோ இ-சேவை மையமோ நடத்தும் ஒருவர், புதிய கணினி ஒன்றின் விலையில் இத்தகைய பழைய கணினிகள் இரண்டை வாங்கிவிட எண்ணுவது இயல்பு. எந்தத் தலைமுறையை வாங்குகிறார் என்பதைப் பொறுத்தே அந்தப் பணம் பயன்படுவதும் வீணாவதும் அமையும்.

வடிவங்கள்

இரு வடிவங்கள் சந்தையில் மிகுதியாகக் கிடைக்கின்றன. ஒன்று, தடித்த புத்தகம் அளவே உள்ள, ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளளவு கொண்ட நுண்வடிவம். டெல் இதனை மைக்ரோ என்றும், எச்.பி. மினி என்றும், லெனோவோ டைனி என்றும் அழைக்கின்றன. இதன் மின்வழங்கி மடிக்கணினிக்குரியது போல வெளியே இருக்கும். மற்றொன்று சற்றுப் பெரியது. மின்வழங்கி உள்ளேயே இருப்பதுடன், பெரிய வன்தட்டு ஒன்றையும் குட்டையான விரிவாக்க அட்டைகளையும் பொருத்த இடம் தரும். வீடுகளுக்கு நுண்வடிவமே போதும்.

தலைமுறையை அறிதல்

விற்போர் "ஐ5 கணினி", "ஐ7 கணினி" என்று கூறுவதிலிருந்து தலைமுறையை அறிய இயலாது. இன்டெல் கோர் செயலிகளின் பெயரில் சிறுகோட்டிற்குப் பின் வரும் எண்ணே அதனைக் காட்டுகிறது. நான்கு இலக்க எண்ணாயின் முதல் இலக்கமும், 10ஆம் தலைமுறை முதலான ஐந்திலக்க மேசைச் செயலிகளில் முதல் இரண்டு இலக்கங்களும் தலைமுறையைக் குறிக்கும். ஐ5-6500டி ஆறாம் தலைமுறை. ஐ5-10500டி பத்தாம் தலைமுறை. இறுதியில் வரும் 'டி' என்னும் எழுத்து 35 வாட் வகையைச் சுட்டுகிறது. 2011இல் வந்த ஐ7-2600 பெயரில் பெரிதாயினும் இன்று அதனை விலை கொடுத்து வாங்குவது தகாது.

கணினியின் மாதிரி எண் மேலும் குழப்பம் தரவல்லது. எச்.பி. எலைட்டெஸ்க் 800 வரிசையில் ஜி1 என்பது நான்காம் தலைமுறைச் செயலியையும், ஜி2 ஆறாம் தலைமுறையையும், ஜி4 எட்டாம் தலைமுறையையும் கொண்டது. 'ஜி4' என்பதை நான்காம் தலைமுறை என்று எண்ணி நல்ல கணினியைத் தவிர்ப்போரும் உண்டு.

எட்டாம் தலைமுறை என்னும் எல்லை

இன்டெல்லின் எட்டாம் தலைமுறை மேசைச் செயலிகள் 2017 அக்டோபரில் வெளிவந்தன. ஐ5 வகை அதுவரை நான்கு கருக்களையே கொண்டிருந்தது. இத்தலைமுறையில் அது ஆறாக உயர்ந்தது. இரு கருக்களே பெற்றிருந்த ஐ3 வகைக்கு நான்கு கிடைத்தன. எனவே ஐ3-8100, முந்தைய ஐ5-7500க்கு ஏறத்தாழ இணையானது.

ஆயினும் இதனை எல்லைக்கோடாக்கியது இயங்குதளமே. 2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11, ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெல்லின் எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையும் மட்டுமே ஏற்கிறது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும் அதற்குத் தேவை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. ஆகவே ஆப்டிப்ளெக்ஸ் 3050, திங்க்சென்டர் எம்710கியூ முதலியன கோட்டிற்கு இப்புறமும், ஆப்டிப்ளெக்ஸ் 3060, எலைட்டெஸ்க் 800 ஜி4, திங்க்சென்டர் எம்720கியூ ஆகியன அப்புறமும் நிற்கின்றன. சோதனையைத் தவிர்த்து விண்டோஸ் 11ஐ நிறுவும் வழிகள் உள்ளன. ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்கு ஆதரவு தருவதில்லை. பிறருடைய ஆதார் விவரங்களையும் வங்கி விவரங்களையும் கையாளும் மையம் ஒன்று இவ்வழியை நாடுவது முறையன்று.

ஏழாம் தலைமுறைக் கணினியை வாங்கிச் செயலியை மட்டும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்று கருதுவதும் தவறு. 6 முதல் 9 வரையிலான தலைமுறைகளின் செருகுவாய் வடிவில் ஒன்றே. எனினும் எட்டாம் தலைமுறைக்கு வேறு தாய்ப்பலகை வேண்டும்.

பழைய மென்பொருள்களும் கருவிகளும்

புதியதே எப்போதும் ஏற்றது எனக் கூறவும் இயலாது. அழைப்பிதழ், சுவரொட்டி அச்சிடும் கடைகள் பலவற்றில் பேஜ்மேக்கரும் ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும் நீண்டகாலம் புழங்கின. பழைய கணக்கு நிரல்கள் சில 16-பிட்டு நிரல்கள். 32-பிட்டு விண்டோஸ் 10இல் அவற்றை இயக்க முடிந்தது. விண்டோஸ் 11க்கு 32-பிட்டுப் பதிப்பே இல்லை. 32-பிட்டு இயக்கி மட்டும் உடைய பழைய அச்சுப்பொறிகளும் அதில் இயங்கா. இத்தகைய கடை ஒன்று பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து அப்பணிக்கென்றே வைத்துக்கொள்வது தக்க தீர்வாகும்.

லினக்ஸ் இயக்குவோருக்கு எட்டாம் தலைமுறை என்னும் கட்டுப்பாடு இல்லை. சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் போன்றவை தமிழ் இடைமுகத்துடன் கிடைக்கின்றன. பள்ளி ஆய்வகத்திற்கோ நூலகத்திற்கோ 8 கிகாபைட் நினைவகமும் திடநிலை வட்டும் சேர்த்த ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறைக் கணினி இன்றும் போதுமானது. இரண்டினுள் ஏழாம் தலைமுறையே மேல். யூடியூப் பயன்படுத்தும் வி.பி.9 காணொளியை அது வன்பொருளிலேயே விரிக்கிறது.

மின்செலவு

சும்மா இருக்கையில் பழைய கோபுர வடிவக் கணினி 50 வாட்டும் நுண்வடிவக் கணினி 15 வாட்டும் எடுப்பதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 10 மணி நேரம் வீதம் 300 நாட்களில் 105 அலகு மின்சாரம் மிச்சமாகும். 2012ஆம் ஆண்டின் கடும் மின்வெட்டைக் கண்டவர்களுக்கு, அதே மின்கலத்தில் கணினி கூடுதல் நேரம் ஓடுவதன் அருமை தெரியும்.

வாங்குமுன் நோக்க வேண்டியவை

நிறுவனங்களிலிருந்து வரும் கணினிகளில் பயாஸ் கடவுச்சொல் நீக்கப்படாமல் இருப்பதுண்டு. இயக்கிப் பார்த்து, பயாஸ் அமைப்புக்குள் நுழைய முடிகிறதா என்பதைக் கடையிலேயே உறுதி செய்தல் வேண்டும். டெல் கணினிகளின் அடியில் உள்ள ஏழெழுத்துச் சேவைக் குறியீட்டை அந்நிறுவனத்தின் தளத்தில் இட்டு, கணினியின் உண்மையான வயதை அறியலாம். மின்வழங்கியையும் பார்க்க வேண்டும்: டெல் கணினிகள் தாம் அறியாத மின்வழங்கியை இணைத்தால் செயலியின் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. மலிவான மாற்று மின்வழங்கியுடன் விற்கப்பட்ட நல்ல கணினி, மந்தமானது என்று திருப்பி அனுப்பப்படுவதற்கு இதுவே காரணமாயிருக்கக்கூடும்.