தாளுக்கும் போக்கு உண்டு

பழவேற்காடு ஏரிக்கரையில் பனை ஓலையில் கூடை முடையும் பெண்கள் ஓலையைக் கிழிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஓரத்தில் சின்னதாய் ஒரு கீறல், அப்புறம் ஒரே இழுப்பு. நுனிவரை நூல் பிடித்ததுபோல் நேராகக் கிழிந்து வரும். குறுக்கே இழுத்தால் பிசிறிவிடும். ஓலைக்கு ஒரு போக்கு இருக்கிறது. கை அந்தப் போக்கோடு போகிறது.

காகிதத்துக்கும் அப்படித்தான். இன்றைய நாளிதழை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், நேராக வரும். குறுக்கே கிழியுங்கள், கோணிக்கொண்டு ஓடும். ஆலையில் கூழைத் தண்ணீரில் கரைத்து, வேகமாக ஓடும் சல்லடைமேல் பாய்ச்சித்தான் தாள் செய்கிறார்கள். முகத்துவாரத்தில் நீர் இழுக்கும்போது பாசியெல்லாம் ஒரே பக்கம் சாய்வதுபோல, நார்களில் பெரும்பகுதி சல்லடை ஓடும் திசையிலேயே படுத்துவிடுகிறது. அச்சகத்தில் இதைக் கிரெயின் என்பார்கள்.

சொந்தக் காசில் நாவல் போடுகிறவருக்கு இது ஏன் தெரிய வேண்டும்? ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் ஒருவர் நாவல் எழுதி முடித்திருக்கிறார் என்று வையுங்கள். மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறைப்படி வலை விடுவதையும், மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபடும் காலத்தின் பசியையும் எழுதியிருக்கிறார். பதிப்பகம் எதற்கும் காத்திராமல் 500 பிரதி அச்சடித்து வீட்டில் அடுக்குகிறார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பக்கங்கள் அலையலையாய் நெளிகின்றன.

காகிதத்தின் செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் பிரியம். காற்றில் ஈரம் ஏறினால் நார் அதைக் குடித்து ஊதும். இதில் வியப்பு என்னவென்றால், அது நீளவாக்கில் வளர்வது சொற்பம், பருமனில்தான் வளர்கிறது. ஆகவே தாள் கிரெயினுக்குக் குறுக்கேதான் பெரிதாகிறது. கிரெயின் புத்தக முதுகோடு இணையாக ஓடினால், பக்கம் திறந்த ஓரத்தை நோக்கித் தாராளமாக விரிந்துகொள்ளும். குறுக்கே ஓடினால், முதுகின் நீளத்தில் வளரப் பார்க்கும். அங்கே பசை பிடித்திருக்கிறது. நெளிவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

பழவேற்காட்டில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அடுப்படி உப்பு ஜாடி கசிவது அதனால்தான். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் உப்புகள் இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். அலைத் துளியோடு வரும் அந்த உப்புத் தூசி புத்தகத்தின் மேலும் படிகிறது. பூஞ்சைக்கு 70 சதவீத ஈரமே போதும். கடலோர வீட்டில் புத்தகக் கட்டு ஆண்டுக்கணக்கில் நல்லபடி இருப்பது அபூர்வம்.

அப்படியானால் எதற்காக அத்தனை பிரதி? ஆஃப்செட் அச்சின் கணக்கு அப்படி. 16 பக்கம் ஒரு ஃபாரம்; ஒவ்வொன்றுக்கும் பிளேட் போட வேண்டும், மை சீராகும்வரை தாள் வீணாக வேண்டும். பத்துப் பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் அந்தச் செலவு ஒன்றுதான். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா இந்தக் கணக்கோடுதான் வாழ்நாளெல்லாம் மல்லுக்கு நின்றார். தன் ‘எழுத்து பிரசுரம்’ வெளியிட்ட நூல்களைத் தானே கட்டாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். ‘சுதந்திர தாகம்’ நாவலை 1997-ல், 85 வயதில், மூன்று பாகமாகத் தானே வெளியிட்டார். அடுத்த ஆண்டு மறைந்தார். சாகித்ய அகாதெமி விருது அந்த நாவலுக்கு வந்தது 2001-ல். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது.

டிஜிட்டல் அச்சு அந்தச் சுமையை இறக்கி வைத்திருக்கிறது. தலை சீவிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கிறதே, அதே நிலைமின்சாரம்தான் இங்கே டோனர் பொடியை எழுத்து வடிவில் பிடித்து வைக்கிறது; தாளுக்கு மாற்றிய பிறகு சூடு அதை உருக்கி ஒட்டவைக்கிறது. பிளேட் கிடையாது. ஒரே ஒரு பிரதிகூட அடிக்கலாம். அச்சுக்குக் காத்திருந்த கதை இந்தக் கரைக்குப் பழையது. 1630-களில் பழவேற்காட்டில் பணியாற்றிய டச்சுப் பாதிரியார் ஆபிரகாம் ரோஜேரியஸ் இங்குள்ள பிராமணர்களிடம் கேட்டு எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1651-ல்தான் லைடன் நகரில் அச்சேறியது. இன்று இந்தக் கரையில் எழுதுகிறவர் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. 2016 இறுதியிலிருந்து தமிழ் நாவலைக் கிண்டிலில் அவரே ஏற்றலாம். அங்கே நனையத் தாளே இல்லை.

தாளில்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐம்பது ஐம்பதாக அடியுங்கள். கட்டைத் தரையிலும் வெளிச்சுவர் ஓரத்திலும் வைக்காதீர்கள். பணம் கட்டுவதற்கு முன், அச்சகத்தில் மாதிரிப் புத்தகம் ஒன்றை வாங்கி அதில் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். ஓலைபோல் நேராகக் கிழிந்தால் ஆர்டர் கொடுங்கள்.