ஓதத்திலிருந்து மின்சாரம்

சென்னைக் கடற்கரையில் விளையாடி வளர்ந்த ஒருவர் உத்தியோக மாற்றலில் பாவநகருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் கோகா கடற்கரையில் அலை வந்து மோதுகிறது. பிற்பகலிலோ கடலைக் காணோம், வெகுதூரம் சேறுதான். அவர் திகைப்பதில் வியப்பில்லை. சென்னையில் ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், சுமார் ஒரு மீட்டர். காம்பே வளைகுடாவிலோ பத்து மீட்டர், மூன்று மாடி உயரம். எண்ணெய் ஊற்றும் புனல் போல் குறுகி, ஆழமும் குறைந்து செல்லும் வளைகுடாவுக்குள் நெருக்கப்பட்ட நீர் மேலெழும்புகிறது.

ஏறிய நீரை அணைக்குள் விட்டுக் கதவை அடைத்து, வெளிக்கடல் வற்றியதும் டர்பைன்களின் வழியே திறந்துவிட்டால் மின்சாரம் பிறக்கும். உயரம் இருமடங்கானால் தேங்கும் நீரும் இருமடங்கு, அது விழும் வேகமும் மிகுதி. ஆகவே ஆற்றல் நான்கு மடங்காகும். பத்து மடங்கு உயரத்துக்கு நூறு மடங்கு. ஓத மின்சாரத்துக்குச் சென்னையை எவரும் நாடாததன் காரணம் இதுவே.

காற்று ஓய்வதும் மேகம் கவிவதும் நம் கணக்குக்கு அடங்குவதில்லை. ஓதமோ கிரகணத்தைப் போல் முன்கூட்டியே கணிக்கத்தக்கது. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. அலங்கில் பழங்கப்பல்களைக் கரையேற்றுவோர் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பேரோதத்துக்கே காத்திருக்கின்றனர்.

ஆயினும் நேரம் தெரிந்துவிட்டால் மட்டும் போதாது. ஓதம் நாளுக்கு ஐம்பது நிமிஷம் பிந்துகிறது. நாம் விளக்கேற்றுவதோ நாள்தோறும் ஒரே வேளையில். இன்று மாலை ஏற்றமாயிருந்தால், அடுத்த வாரம் அதே மாலையில் வற்றமாயிருக்கும். அஷ்டமியை ஒட்டி ஏற்றமே சுருங்கிவிடும்.

பிரான்சில் ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966-இல் 240 மெகாவாட் நிலையம் எழுந்தது. அதன் 750 மீட்டர் அணையே சாலையாகவும் உதவுகிறது. கொரியாவின் சிஹ்வாவில் முன்னரே கட்டிய கடற்சுவரில் 2011-இல் 254 மெகாவாட் நிலையம் அமைந்தது. அடைபட்டு மாசடைந்த ஏரிக்குள் கடல்நீர் மீண்டும் புகுந்து வெளியேற வழி பிறந்ததே அங்கு பெரிய இலாபம் என்பேன்.

காம்பேயில் 7,000, கட்ச் வளைகுடாவில் 1,200 மெகாவாட் கிடைக்கலாம் என்பது மதிப்பீடு. சுந்தரவனத்தில் துர்காதுவானி ஓடையில் திட்டமிட்ட 3.75 மெகாவாட் நிலையமும் செலவு மிகுதியால் கைவிடப்பட்டது. காம்பேயில் நர்மதையும் தபதியும் சபர்மதியும் கொணரும் வண்டல் அணைக்குள் படியும். கட்ச்சிலோ 1982-இல் ஏற்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் பவளப் பாறைகளும் அலையாத்திக் காடுகளும் அந்த ஏற்றவற்றத்தையே நம்பி வாழ்கின்றன. மின்சாரத்துக்கென்றே தனிச் சுவர் எழுப்புவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். துறைமுகத்துக்கோ சாலைக்கோ எப்படியும் சுவர் தேவைப்படும் இடத்தில் டர்பைனையும் கணக்கில் சேர்க்கலாம். வற்றக் காலத்திலும் கப்பல்கள் மிதக்கவேண்டி ஓதநீரைக் கதவிட்டுத் தேக்கிய துறைமுகம் பாவநகர்.