நந்தனத்திலிருந்து கப்பல் ஏறும் புத்தகங்கள்

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது லண்டன், டொரண்டோ கடைகளுக்கும் சேர்த்தே ஆர்டர் வரும். பதிப்பாளர், சரக்கை அனுப்பித்தரும் ஃபார்வர்டருக்குப் போன் போட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி: “எத்தனை சிபிஎம் சார்?”

சிபிஎம் என்றால் கன மீட்டர். சரக்கு அடைக்கும் இடத்தின் அளவு. விமானத்தில் அனுப்பினால் பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். வருவது கன எடை. நிஜ எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 40×30×30 அட்டைப்பெட்டிக்குக் கன எடை 6 கிலோ. உள்ளே பஞ்சுத் தலையணை இருந்தாலும் 6 கிலோவுக்குக் காசு. புத்தகம் அடுக்கினால் 20 கிலோவைத் தொட்டுவிடும். முழுசுக்கும் அழ வேண்டும்.

கப்பல் கட்டணக் கணக்கில் ஒரு சிபிஎம்மும் ஒரு டன்னும் சமம்; எது அதிகமோ அதற்குக் காசு. இந்தப் பெட்டிகள் 28 சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு சிபிஎம். எடை 560 கிலோதான், டன்னைத் தொடவில்லை. ஆகவே இடத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். அவசரமில்லை என்றால் புத்தகத்துக்குக் கப்பல்தான் என்பது என் கட்சி.

20 அடி கன்டெய்னருக்குள் சுமார் 33 சிபிஎம் இடம் உண்டு. முழுசாக எடுத்தால் எஃப்சிஎல். பலருடைய சரக்கோடு சேர்ந்து போனால் எல்சிஎல். ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் சேரக் காத்திருக்கணும்.

குழப்பமே விலை பேசும்போதுதான். ‘எஃப்ஓபி சென்னை’ என்றால் கப்பலில் ஏற்றும்வரை விற்பவர் பொறுப்பு. ‘சிஐஎஃப் ஃபெலிக்ஸ்டோ’ என்றால் அந்த இங்கிலாந்துத் துறைமுகம் வரை கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் விற்பவர் கட்டுகிறார். ஆனால் சரக்கு கப்பலில் ஏறிய நிமிடமே சேதத்துக்கான பொறுப்பு வாங்குபவர் தலைக்கு மாறிவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கன்டெய்னர் சரக்குக்கு, ஏற்றிச்செல்பவரிடம் ஒப்படைத்ததுமே விற்பவர் பொறுப்பு முடியும் எஃப்சிஏ-தான் பொருத்தம் என்கிறது, 1936 முதல் இந்த வர்த்தக விதிகளை வெளியிட்டுவரும் சர்வதேச வர்த்தக சபை. சந்தைக்கு எஃப்ஓபி பழகிப்போச்சு.

கப்பல் கிளம்பியதும் கைக்கு வரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கைப் பத்திரப்படுத்துங்கள். ஒரிஜினல் பில் வாங்கியிருந்தால், அதைக் காட்டாமல் அந்தப் பக்கம் சரக்கை எடுக்க முடியாது. எடுக்கத் தாமதமானால் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் நாள்கணக்கில் ஏறும்.

எல்சிஎல்லில் இங்கே ரேட்டைக் குறைத்துச் சொல்லிவிட்டு, போய் இறங்கும் ஊரில் கிடங்குக் கூலி, ஆவணக் கட்டணம் என்று தீட்டுவது உண்டு. சரக்கை ஒப்படைக்கும் முன்பே அந்த ஊர்ச் செலவையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.