பைக் ஏற்ற ட்ரெய்லர் வாங்கப் போறீங்களா? முதலில் எடையைக் கணக்குப் போடுங்க!

இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிபாளையம் பந்தயத் தடங்களுக்குப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஹெட்லைட், கண்ணாடி, நம்பர் பிளேட் எல்லாம் கழற்றிய பைக்கைச் சாலையில் ஓட்டிப் போக முடியாது. ஏற்றித்தான் கொண்டு போகணும். வீட்டில் ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரி ஒரு பிக்கப் நிற்கிறது. ஆனால் நான்கு கதவு வைத்த இந்த வண்டிகளின் பின்தளம் சுமார் 5 அடிதான். ஒரு கிளாசிக் 350 பைக்கின் நீளமோ 7 அடி! பின்கதவைத் திறந்துபோட்டு ஏற்றினால் சக்கரம் வெளியே நீட்டும். அனுமதித்த அளவைத் தாண்டிச் சுமை நீட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194 (1ஏ)-ன்படி அபராதம் 20,000 ரூபாய்.

"அப்போ ஒரு ட்ரெய்லர் மாட்டிக்கலாமே?" மாட்டிக்கலாம். ஆனால் பலரும் வெல்டிங் பட்டறைக்குப் போய் முதலில் கேட்பது, "எத்தனை அடி நீளம், என்ன விலை?" என்றுதான். கேட்க வேண்டிய வரிசையே வேறு. முதலில் எடை, அடுத்து ஆவணம், கடைசியில்தான் நீளமும் விலையும்.

எடைக் கணக்கு

உங்கள் பிக்கப்பின் கையேட்டைத் திறந்து, அது ட்ரெய்லர் இழுக்கலாமா, எத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்று பாருங்கள். அதே பெயருள்ள வண்டிக்கு வெளிநாட்டில் சொல்லும் எடையை இங்கே நம்பிவிடாதீர்கள். கையேட்டில் விவரம் இல்லையென்றால், தயாரிப்பு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஒரு கணக்கு போடுவோம். கிளாசிக் 350 ஒன்று 195 கிலோ. இரண்டு பைக் 390 கிலோ. கருவிகள், ஹெல்மெட், பெட்ரோல் கேன் என்று 30 கிலோ. ட்ரெய்லரின் சொந்த எடை 300 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 720 கிலோ. இந்த மொத்தம்தான் முக்கியம். பைக் எடையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

இதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 72 முதல் 108 கிலோ வரை, பிக்கப்பின் கொக்கி மேல் இறங்கணும் என்பது பொதுவான கணக்கு. பைக்குகளைப் பின்பக்கம் தள்ளி நிறுத்தினால் இந்த எடை குறையும்; வேகம் கூடும்போது ட்ரெய்லர் வால் ஆட்டுவது போல ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம்தான் பிக்கப்பையும் சேர்த்துக் கவிழ்க்கும். அதேபோல், கொக்கி மேல் இறங்கும் எடையும் பிக்கப்பின் சுமைக் கணக்கில் சேரும் என்பதை மறக்காதீங்க. சந்தேகம் இருந்தால், சுமை ஏற்றிய ட்ரெய்லரைப் பக்கத்து எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

ஆவணங்கள்

சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் நம்பரையும் ட்ரெய்லரின் பின்னால் காட்டணும் (பிரிவு 61). ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விற்பவரிடம், "பதிவுக்கான சான்றுகள் தருவீங்களா?" என்று கேளுங்கள். அதே விவரங்களுடன் உங்கள் பகுதி ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பதிவாகாத ட்ரெய்லர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது வெறும் இரும்புதான்.

பழைய ட்ரெய்லர் என்றால், எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பதிவு விவரம், காப்பீடு, கடன் நிலுவை எல்லாம் பாருங்கள். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடணும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்லி, ட்ரெய்லரைப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். ட்ரெய்லர் மோதி ஒருவர் உயிரிழந்தால், அந்தக் குடும்பத்துக்கான இழப்பீடு லட்சக்கணக்கில் போகும். காப்பீடு இல்லையென்றால் அந்தப் பணம் உங்கள் வீட்டிலிருந்துதான் போகும். இன்னொன்று: வெள்ளை போர்டு வண்டியில் உங்கள் பைக்கை ஏற்றலாம், வாடகைக்கு அடுத்தவர் பைக்கை ஏற்றக் கூடாது.

ட்ரெய்லரில் எதைப் பார்க்கணும்?

* கொக்கி, வண்டியின் சேசிஸில் பொருத்தியிருக்கணும். பம்பரில் பற்றவைத்தது ஆகாது.
* கொக்கி கழன்றாலும் ட்ரெய்லர் ஓடிவிடாமல் பிடிக்க, குறுக்காக மாட்டிய இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள்.
* பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ஒளிரும் ஸ்டிக்கர்.
* எடை கூடக் கூட ட்ரெய்லருக்கே தனி பிரேக் இருப்பது நல்லது. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் இது கட்டாயம்.
* முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் அமைப்பும், தரையோடு பதிந்த கட்டு வளையங்களும்.
* நீளமான சாய்தளம். குட்டையாக இருந்தால் ஏற்றம் செங்குத்தாகி, பைக் ஏற்றுபவர் மேலேயே சாயும்.

கட்டுவது எப்படி?

சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டாதீர்கள். பைக்கை நேராக நிறுத்தி, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு ராட்செட் பட்டைகள் போடுங்கள். முன்பக்கப் பட்டைகள் ஷாக் அப்சார்பரைப் பாதி அழுத்தும் அளவுக்கு இறுகணும். கயிறு வேண்டாம், போகப்போகத் தளரும். 10, 15 கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி, பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள்.

ட்ரெய்லர் மாட்டினால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். வேகத்தைக் குறைத்து, முன்வண்டியிலிருந்து வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள். ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால் சடாரென்று பிரேக் அடிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள்.

வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதானா?

அப்படியானால் ட்ரெய்லரே தேவையில்லை. 7 அடித் தளமுள்ள மினி லாரி ஒன்றை வாடகைக்கு எடுத்தால் வேலை முடிந்தது. தூரத்து ஊர் என்றால் ரயில் பார்சல் இருக்கிறது. பெட்ரோலைக் காலி செய்து, ஆர்சி நகலோடும் அடையாள அட்டையோடும் போகணும்.

அடிக்கடி போகிறவர் என்றால் ட்ரெய்லர் வாங்குங்கள். ஆனால் பட்டறை வாசலில் நின்று விலை பேசும் முன், கையேட்டில் இருக்கும் எடையும் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்ட பதிலும் உங்கள் கையில் இருக்கட்டும். பின்னால் வரும் குடும்பத்தின் பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது.